சின்னக் கையும் ஸம்ஹாவின் குட்டியும்

குளிர்ந்த மணலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறேன். என் வலது கை தோள்வரைக்கும் ஓர் ஒட்டகத்துக்குள் இருக்கிறது. ஒரு காது மணலில் அழுந்திக் கிடப்பதால் வெளியுலகச் சத்தம் பாதிதான் கேட்கிறது. அந்தப் பாதியிலும் அம்மாவின் குரல் தெளிவாக வந்துசேர்கிறது.

“ஏங்க, அவ கை திரும்பி வந்துருமா?”

அப்பாவுக்குத் தெரியாது. அந்த நிமிடத்தில் எனக்கும் தெரியாது. ஒட்டகம் முக்கும்போதெல்லாம் என் கை அதன் இடுப்பெலும்புக்கும் குட்டியின் தாடைக்கும் நடுவே நசுங்கி மரத்துப்போகிறது. விரல்கள் இருக்கின்றனவா என்று அசைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.

இது அல் ஐன் நகரத்துக்கு வெளியே ஓர் ஒட்டகப் பண்ணையில், குளிர்காலத்துச் சனிக்கிழமை ஒன்றில் நடந்தது. நான் அப்போது கால்நடை மருத்துவம் மூன்றாம் ஆண்டு. ஷார்ஜாவிலிருந்து என்னைப் பார்க்க வந்த அம்மாவும் அப்பாவும் எதற்காக ஒட்டகத்தின் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் மேலே போனால் கதை புரியாது. கை கொஞ்ச நேரம் உள்ளேயே இருக்கட்டும்.

மூன்றாவது மாடியில் வளர்ந்தவள்

ஷார்ஜாவின் ரோலா பகுதியில், கீழே ஒரு துணிக்கடையும் ஊருக்குப் பணம் அனுப்பும் கடையும் இருந்த கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நான் வளர்ந்தேன். அப்பா துபாயில் ஒரு கட்டட நிறுவனத்தில் டிராஃப்ட்ஸ்மேன். நான் பள்ளிக்கு எழுந்திருப்பதற்குள் அவர் பஸ் வரிசையில் நின்றிருப்பார். அம்மா மதுரையில் பி.எட். முடித்தவள். இங்கே வந்த பிறகு எங்கள் வரவேற்பறையிலேயே கட்டடத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் கணக்கு டியூஷன் எடுத்தாள்.

நாய், பூனை எதுவும் வளர்க்கக் கூடாது என்று வாட்ச்மேன் அறைக்கு வெளியே ஒரு பலகை மாட்டியிருக்கும். அந்தப் பலகையைப் பார்த்த பிறகுதான் அந்த வீட்டுக்கே சம்மதித்தேன் என்று அம்மா சொல்வாள். அவளுக்கு அசைகிற எல்லாவற்றின் மீதும் பயம். ஏசி பெட்டியின் மேல் புறா உட்கார்ந்தால் அந்த அறைக்குள் போக மாட்டாள். தெருவில் பூனை வந்தால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள், பூனையும் எதிர்ப்பக்கம் வந்தால் ஏதாவதொரு கடைக்குள் நுழைந்துவிடுவாள். அப்படி நுழைந்த கடைகளில் அவள் வாங்கிய, தேவையே இல்லாத பாத்திரங்கள் இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன.

இந்த வீட்டிலிருந்து நான் எப்படி மாட்டு டாக்டருக்குப் படிக்கப் போனேன்?

வெயில் தணிந்த மாதங்களில் விடுமுறை நாட்களில் அப்பா என்னை ஷார்ஜாவின் பறவை, கால்நடைச் சந்தைக்குக் கூட்டிப்போவார். அவருக்கு அது டிக்கெட் இல்லாத மிருகக்காட்சி சாலை. அம்மா கார்க் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அங்கே ஓர் ஆடு கால்களை நீட்டிக்கொண்டு கிடந்தது. வயிறு ஊதிப்போய், தட்டினால் மேளச் சத்தம் கேட்கும்போல இருந்தது. ஆட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டிருந்தார். நீல அங்கி போட்ட ஒருவர் வந்து, ஆட்டின் வாய்க்குள் ஒரு ரப்பர் குழாயை மெல்ல மெல்ல இறக்கினார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு புஸ்ஸென்று காற்று வந்தது. அப்படியொரு நாற்றம். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். நான் முன்னால் போனேன்.

ஊதியிருந்த வயிறு கண்ணெதிரே வற்றியது. ஆடு எழுந்து நின்றது, காதுகளை உதறியது, அந்த நீல அங்கியின் ஓரத்தைக் கவ்வி மெல்லத் தொடங்கியது. அவர் சிரித்துக்கொண்டே அங்கியை இழுத்தார். அன்று காருக்குத் திரும்பி வந்ததும் அம்மாவிடம், நான் இந்த வேலைக்குத்தான் போகப்போகிறேன் என்று சொன்னேன். எனக்கு அப்போது பத்து வயதுகூட இருக்காது. அம்மா, “முதல்ல கையைக் கழுவு” என்றாள்.

“டாக்டருக்குப் படிக்கிறா”

அல் ஐனில் உள்ள பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது அப்பா இனிப்பு வாங்கிவந்தார். அம்மா அதைப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தாள். கொடுக்கும்போது, “யமுனா டாக்டருக்குப் படிக்கப் போறா” என்று மட்டும் சொன்னாள். என்ன டாக்டர் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அதன் பலனை நான்தான் அனுபவித்தேன். விடுமுறையில் வீட்டுக்கு வந்தால், இரண்டாவது மாடி அங்கிள் தன் முழங்கால் எக்ஸ்ரேயைக் கொண்டுவந்து நீட்டுவார். “இந்த எலும்பு தேஞ்சிருக்காம்மா, பாரு” என்பார். மனித எலும்பைப் பற்றி எனக்கு என்ன தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அடுப்படியில் நிற்கும் அம்மாவின் முகத்தையும் பார்த்துவிட்டு, “மாடிப்படியைக் குறைச்சுக்குங்க அங்கிள்” என்பேன். குதிரைக்கும் மேடு ஏறுவதைக் குறைக்கத்தான் சொல்வார்கள்.

என் துணிகளை அம்மா தனியாகத் துவைப்பாள். என் செருப்பு வாசலுக்கு வெளியே, லிஃப்ட் பக்கம் இருக்க வேண்டும். பண்ணை வாசனை தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வரும் என்பது அவள் கட்சி. அது உண்மைதான். முதல் வாரமே ஓர் ஒட்டகம் என் மேல் அசைபோட்ட தீனியைத் துப்பியது. பச்சையாக, வெதுவெதுப்பாக, நெற்றியிலிருந்து கழுத்துவரைக்கும். என் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழி மர்யம் விழுந்து விழுந்து சிரித்தாள். அல் ஐனிலேயே பிறந்தவள், வீட்டில் தலைமுறையாக ஒட்டகம் வைத்திருக்கிறவர்கள். “கலாஸ், முடிந்தது, இனி நீ எங்கள் வீட்டுப் பெண்” என்று சொல்லித் தன் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை அவள்தான் எனக்கு நெருக்கமான தோழி.

கையுறையில் மிஞ்சிய இடம்

பெரிய விலங்குகளைப் பரிசோதிக்கத் தோள்வரை நீளும் பிளாஸ்டிக் கையுறை உண்டு. வகுப்பில் எல்லோருக்கும் அது தோள்வரை வந்தது. எனக்குத் தோளையும் தாண்டிக் காதைத் தொட்டது. விரல்நுனிகளில் இன்னொரு விரல் வைக்கிற அளவுக்கு இடம் மிஞ்சியது.

நான் குள்ளம். கை அதைவிடக் குள்ளம். மாட்டைப் பரிசோதிக்க வேண்டுமென்றால் கீழே எதையாவது போட்டு ஏறித்தான் நிற்க வேண்டும். ஏறி நின்றாலும் எட்ட வேண்டியது எட்டாது. மூன்றாம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு பண்ணைக்குப் போயிருந்தோம். பண்ணைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஆசிரியரிடம், “இதைவிடப் பெரியவர் யாரும் இல்லையா?” என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை, மாடு அவருடையது. ஆனால் பஸ்ஸில் திரும்பும்போதே அம்மாவுக்குப் போன் போட்டுவிட்டேன்.

எங்களுக்குப் பிரசவப் பாடம் எடுத்தவர் டாக்டர் இஹ்ஸான். சூடான்காரர், நல்ல உயரம், சத்தம் போட்டுச் சிரிப்பார். பரிசோதனைக் கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் மாடு இருந்தது. அதன் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் கன்றைக் கோணல்மாணலாக வைத்துவிட்டு எங்களைத் திருப்பி எடுக்கச் சொல்வார். நான் கன்றின் மடங்கிய காலை வெளியே கொண்டுவந்தபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி வகுப்புக்கே காட்டினார்.

“இந்தக் கையைப் பாருங்கள். இடம் இல்லாத இடத்தில் இதுதான் திரும்பும்.”

வகுப்பு கைதட்டியது. எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் பிளாஸ்டிக் மாடு முக்குவதில்லை, உதைப்பதில்லை, அதற்கு உரிமையாளரும் கிடையாது. அந்த வாரமெல்லாம் அந்தப் பண்ணைக்காரரின் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

இட்லியும் ஜார்ஜியாவும்

அம்மாவும் அப்பாவும் வந்தது அந்த வாரக் கடைசியில்தான்.

ஹாஸ்டல் வாசலில் என்னை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்துப் பூங்காவுக்குப் போனோம். அங்கே வெந்நீர் ஊற்று வாய்க்காலாக ஓடும், அதில் காலை நனைத்துக்கொண்டு உட்காரலாம். அப்பாவின் முழங்காலுக்கு அது நல்லது என்று அம்மா துவட்டப் பெரிய பெரிய துண்டுகளாக ஒரு பை நிறைய எடுத்துவந்திருந்தாள். இன்னொரு பையில் ஹாட்பாக்ஸ் நிறைய இட்லி, மிளகாய்ப்பொடி, பிளாஸ்கில் காப்பி. பனி இன்னும் விலகவில்லை. புல்லில் பாயை விரித்து, என் தட்டில் இட்லி வைத்து, எண்ணெய் குழைத்த பொடியை ஓரத்தில் வைத்துவிட்டு அம்மா ஆரம்பித்தாள்.

“கோபால் மாமா பேசினாரு.”

மாமா அம்மாவின் அண்ணன், மதுரையில் இருக்கிறார். அவருக்குத் தெரிந்தவர் மூலமாக ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். சீட் ஒன்று இருக்கிறதாம். யாரோ கடைசி நேரத்தில் விலகிவிட்டார்களாம். அன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

“ரெண்டு வருஷம் போச்சுன்னா போயிட்டுப் போகுது” என்றாள் அம்மா. “மனுஷங்களுக்குப் பாத்தா என்ன குறைஞ்சுபோச்சு? நீயே சொல்ற, கை எட்டலன்னு. உனக்கு எதுக்குடி இந்தக் கஷ்டம்?”

கை எட்டாததை நான்தான் போனில் சொல்லி அழுதிருந்தேன். அம்மாவுக்குப் பெருமைக் குறைச்சல் மட்டும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன். இப்போது அவள் கண்ணைப் பார்த்தபோது அது மட்டும் இல்லை என்று தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் என்னை யாராவது தள்ளிவிட்டால் வரும் முகம் அது.

அப்பா வாய்க்காலில் காலை விட்டபடி, “அவ முடிவு பண்ணட்டும், விசாலம்” என்றார்.

நான் இட்லியைப் பிய்த்துக்கொண்டே இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. ஒரு பாதி மனசு சரியென்று சொல்லிவிடலாம் என்றது. அந்தப் பாதி அன்று காலை கொஞ்சம் பெரிதாகவே இருந்தது.

அப்போது போன் அடித்தது. மர்யம்.

“யமுனா, எங்கே இருக்கிறாய்? சித்தப்பாவின் பண்ணையில் ஸம்ஹாவுக்குப் பிரசவ வலி. உள்ளே குட்டியின் தலை தட்டுப்படுகிறது, ஒரு கால் தட்டுப்படுகிறது. இன்னொரு காலைக் காணோம். டாக்டர் இஹ்ஸான் வந்துவிட்டார். அவர் கைக்கு உள்ளே இடம் போதவில்லை. சின்னக் கைக்காரியைக் கூப்பிடு என்கிறார். யல்லா, யல்லா, சீக்கிரம் வா.”

நான் எழுந்து நின்றதைப் பார்த்து அம்மா, “யாருக்கு என்ன?” என்றாள்.

“ஒட்டகத்துக்குப் பிரசவம்மா. குட்டி மாட்டிக்கிச்சு. என்னைக் கூப்பிடுறாங்க.”

அப்பா வாய்க்காலிலிருந்து காலை எடுத்துவிட்டார். அம்மா தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, “இட்லியை வாயில போட்டுக்கிட்டே வா” என்று பாயைச் சுருட்டினாள்.

முருகேசன் அண்ணன் வண்டி

தார்ச்சாலை முடிந்த இடத்தில் அப்பா காரை நிறுத்தினார். அதற்கு மேல் மணல். பண்ணையிலிருந்து ஒரு பிக்கப் எங்களை ஏற்றிக்கொள்ள வந்திருந்தது. ஓட்டிவந்தவர் இறங்கி இந்தியில் ஆரம்பித்தார், அம்மாவின் நெற்றிப் பொட்டைப் பார்த்ததும் இந்தியை விட்டுவிட்டார்.

“தமிழா நீங்க? ஏறுங்கம்மா. நான் முருகேசன், சிவகங்கைப் பக்கம்.”

“நாங்க மதுரை” என்றாள் அம்மா. துண்டுப் பையைத் தோளில் மாட்டி, ஹாட்பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறியவள், வண்டி குலுங்கிய குலுங்கலில் கதவுக் கைப்பிடியை விடவே இல்லை. நானும் அப்பாவும் பின்னால் தீவனக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்தோம். முன்சீட்டுக்குப் பின்னால் இருந்த கண்ணாடி திறந்திருந்ததால் பேச்சு கேட்டது.

“பக்கத்துல நிக்க வேணாம்ல? கடிக்குமா?”

“ஸம்ஹாவா? அது பச்சப்புள்ளம்மா. வலியில கத்துது, அம்புட்டுத்தான். வந்திருக்கறது உங்க மகளா? டாக்டரம்மாவைக் கூட்டியான்னுதான் சொன்னாக. நான் வயசானவுக யாரோன்னு நினைச்சேன்.”

அம்மா திரும்பிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். வண்டி அடுத்த மணல்மேட்டில் ஏறியது.

உள்ளே ஒரு நாக்கு

இப்போது என் கைக்குத் திரும்பலாம்.

ஸம்ஹா கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள். வெளிர்பழுப்பு நிறம், கண் இமைகள் நீளமாக, வலி வரும்போதெல்லாம் கழுத்தை வானத்துக்குத் தூக்கி ஓலமிட்டாள். முருகேசன் அண்ணன் அவள் தலையைப் பிடித்துக் காதருகே ஏதோ பேசிக்கொண்டிருந்தார். மர்யத்தின் சித்தப்பா கையில் ஜெபமாலையுடன் தள்ளி நின்றார். என்னைப் பார்த்ததும் அவர் புருவம் கொஞ்சம் உயர்ந்தது. அந்தக் கேள்வியை எனக்கு அடையாளம் தெரியும். அவர் கேட்கவில்லை. டாக்டர் இஹ்ஸான் முந்திக்கொண்டார்.

“வாலடியில் மரத்துப்போக ஊசி போட்டிருக்கிறேன். முன்னங்கால் ஒன்று முழங்காலில் மடங்கி இடுப்பெலும்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது. இழுத்தால் தாயும் பிழைக்காது, குட்டியும் பிழைக்காது. முதலில் குட்டி உயிரோடு இருக்கிறதா என்று சொல். வாய்க்குள் விரலை விடு.”

தோள்வரை வழவழப்பான களிம்பைத் தடவிக்கொண்டு படுத்தேன். உள்ளே அனல். வெளியே பனிக்காற்று. விரல்கள் ஒரு மூக்கைத் தொட்டன, உதடுகளைத் தொட்டன. குட்டியின் வாய்க்குள் சுட்டுவிரலை நுழைத்தேன். அசைவில்லை. இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டேன்.

நாக்கு சுருண்டது. குட்டி என் விரலைச் சப்பியது.

எத்தனையோ சந்தோஷங்களைப் பிறகு பார்த்துவிட்டேன். ஆனால் இன்னும் பிறக்காத ஓர் உயிர், இருட்டுக்குள்ளிருந்து என் விரலைப் பால் என்று நினைத்துச் சப்பிய அந்தக் கணத்துக்குப் பக்கத்தில் வைக்க எதுவுமில்லை.

“சப்புது, சப்புது” என்று தமிழில்தான் கத்தினேன். டாக்டர் இஹ்ஸானுக்குப் புரிந்துவிட்டது. முருகேசன் அண்ணன் அதை அரபியில் சித்தப்பாவுக்குச் சொன்னார். ஜெபமாலை வேகமாக ஓடத் தொடங்கியது.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். குட்டியின் கழுத்துப் பக்கமாகக் கையை நழுவவிட்டு, மடங்கிய முழங்காலைக் கண்டுபிடித்தேன். ஒட்டகத்துக்குக் குளம்பு கிடையாது. மெத்தை மாதிரிப் பாதம், முன்னால் இரண்டு நகம். அந்த நகம் கர்ப்பப்பையைக் கிழித்துவிடாமல் பாதத்தை உள்ளங்கைக்குள் பொத்திப் பிடித்துக்கொண்டுதான் திருப்ப வேண்டும். என் கை பாதத்தைத் தொடும், பிடிப்பதற்குள் ஸம்ஹா முக்குவாள், கை நசுங்கும், பாதம் நழுவிப் போய்விடும். கை திரும்பி வருமா என்று அம்மா கேட்டது அப்போதுதான்.

டாக்டர் இஹ்ஸான் என் முதுகில் கை வைத்தபடி பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். “ஷ்வை ஷ்வை, மெல்ல மெல்ல. அவள் முக்கும்போது நீ சும்மா இரு. நின்றதும் முழங்காலை மேலே தள்ளு. உனக்கு இடம் கிடைக்கும். உன் கைக்குக் கிடைக்கும்.”

முக்கல் நின்றது. முழங்காலை மேல்நோக்கித் தள்ளினேன். ஒரு சின்ன இடைவெளி. அதில் கையைத் திருப்பினேன். திரும்பியது. பாதம் உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது, ஈரமான பந்து மாதிரி. பொத்திக்கொண்டு இழுத்தேன். ஏதோ ஒரு கணத்தில், தடுத்துக்கொண்டிருந்த எல்லாம் விட்டுக்கொடுத்தது. கால் நீண்டு வந்தது.

வெளியே என் கையோடு இரண்டாவது பாதமும் வந்ததைப் பார்த்து மர்யம் என் தலையில் முத்தமிட்டாள்.

“இன்னும் முடியவில்லை” என்றார் டாக்டர் இஹ்ஸான். இரண்டு கால்களிலும் மென்மையான கயிற்றைக் கட்டினார். சுற்றிலும் பார்த்துவிட்டு அப்பாவைக் காட்டினார். “பாபா, யல்லா.”

வாழ்நாளெல்லாம் பென்சிலும் கம்ப்யூட்டர் மவுஸும் பிடித்த என் அப்பா, சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து மர்யத்தோடு சேர்ந்து கயிற்றைப் பிடித்தார். ஸம்ஹா முக்கும்போது இழுப்பதும், அவள் நிறுத்தும்போது நிறுத்துவதும். சில இழுப்புகளில் நீண்ட கழுத்து வந்தது, தோள் வந்தது. பிறகு மொத்தமும் வெந்நீர்போல வழுக்கிக்கொண்டு மணலில் வந்து விழுந்தது. அப்பா கயிற்றைக் கீழே வைத்தார். நிதானமாக நாலடி தள்ளிப் போனார். உட்கார்ந்து, தலையை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார்.

யார் துவட்டுவது?

குட்டி மூச்சு விடவில்லை. மூக்கிலும் வாயிலும் அடைத்திருந்த சளியை வழித்தெறிந்தேன். ஒரு வைக்கோலை மூக்குத் துவாரத்தில் விட்டுச் சீண்டினேன். மறுபடியும் சீண்டினேன். குட்டி தும்மியது. அந்தத் தும்மலில் என் முகமெல்லாம் நனைந்தது. விலா எலும்புகள் ஏறி இறங்க ஆரம்பித்தன.

அதற்குள் டாக்டர் இஹ்ஸான், “யமுனா, இங்கே வா, தாயைப் பார்க்க வேண்டும், உள்ளே கிழிசல் இருக்கிறதா என்று உன் கைதான் சொல்ல வேண்டும்” என்று கூப்பிட்டார். நான் மறுபடி ஸம்ஹாவிடம் போனேன். மர்யம் தொப்புளுக்கு மருந்து எடுத்துவர வண்டிக்கு ஓடினாள். முருகேசன் அண்ணன் ஸம்ஹாவின் தலையை விட முடியாது. சித்தப்பா போனில் யாருக்கோ சந்தோஷச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா எழுந்திருக்கும் நிலையில் இல்லை.

குட்டி தனியாக மணலில் கிடந்தது. பாலைவனக் குளிர்காற்று அதன் ஈர உடம்பின் மேல் வீசியது. அது நடுங்கத் தொடங்கியது.

“ஏன்டி” என்றாள் அம்மா. “அது நடுங்குது.”

“தெரியும்மா. ஒரு நிமிஷம்.”

“தாய் ஏன் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது? மாடுன்னா நக்கிவிடும்ல?”

“ஒட்டகம் நக்காதும்மா. அதுக்கு அந்தப் பழக்கம் கிடையாது. நாமதான் துவட்டிவிடணும்.”

“அப்ப துவட்டுங்களேன். ஈரத்தோட போட்டு வச்சா என்னத்துக்காகும்?”

எல்லோர் கையிலும் ஏதோ வேலை. ஸம்ஹாவின் பின்னாலிருந்து நான் பார்த்தபோது, அம்மா துண்டுப் பையைத் திறந்துகொண்டிருந்தாள். அப்பாவின் முழங்காலுக்காகக் கொண்டுவந்த துண்டு ஒன்றை எடுத்தாள். குட்டியைச் சுற்றி அரை வட்டமாக ஒருமுறை நடந்தாள். தலைப்பக்கம் போவதா வால்பக்கம் போவதா என்று தெரியாமல் நின்றாள். குட்டி கழுத்தைத் தூக்கப் பார்த்து, முடியாமல் தொப்பென்று போட்டது.

அம்மா மணலில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு துண்டை அதன் தலையில் போட்டாள். பிறகு துவட்டினாள்.

அந்தத் துவட்டல் எனக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு என் தலை தோளிலிருந்து கழன்றுவிடும்போலத் துவட்டுவாளே, அதே துவட்டல்தான். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், கண்ணுக்குக் கீழே. பிறந்த ஒட்டகக் குட்டியின் உடம்பில் வெங்காயத் தோல் மாதிரி ஒரு மெல்லிய சவ்வு ஒட்டியிருக்கும், அதுவும் துண்டோடு சுருண்டு வந்தது. அடியில் இருந்த முடி சுருள் சுருளாக எழும்பியது. ஒரு துண்டு நனைந்ததும் அடுத்த துண்டை எடுத்தாள். எப்போது கண்ணைத் திறந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. “ஆடாம இரு. இரு சொல்றேன். இந்தக் கால் எம்புட்டு நீளம் உனக்கு” என்று அதனிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

ஸம்ஹாவுக்குள் கிழிசல் எதுவும் இல்லை. கையை வெளியே எடுத்துக்கொண்டு எழுந்தேன். டாக்டர் இஹ்ஸான் அம்மாவைக் காட்டி, “அது யார், புது நர்ஸா?” என்று கேட்டுச் சிரித்தார்.

சித்தப்பா குனிந்து பார்த்து, பெண் குட்டி என்று சொன்னபோது அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சம். பண்ணைக்குப் பெண்தான் செல்வம். பாலும் அதனால்தான், வம்சமும் அதனால்தான். முருகேசன் அண்ணன் விளக்கினார். அம்மா துண்டால் குட்டியின் முதுகைப் போர்த்திக்கொண்டே, “இவ பொறந்தப்ப எங்க மாமியார் முகத்தைப் பாத்திருக்கணும் நீங்க” என்றாள். அதையும் அவர் அரபியில் சொல்லிவிட்டார் போலிருக்கிறது. சித்தப்பா சத்தமாகச் சிரித்து, எங்களுக்காகக் கம்பளம் விரிக்கச் சொன்னார்.

வெயில் ஏறியது. ஏலக்காய் மணக்கும் காப்பியும் பேரீச்சம்பழமும் வந்தன. அம்மா ஹாட்பாக்ஸைத் திறந்தாள். டாக்டர் இஹ்ஸான் மிளகாய்ப்பொடியைச் சாதாரணமாகச் சாப்பிட்டார், மர்யம் கண்ணீரோடு சாப்பிட்டாள். முருகேசன் அண்ணன் இட்லியைக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “மெதுவா இருக்கும்மா” என்று மட்டும் சொன்னார். அம்மா அவர் தட்டில் மேலும் மேலும் வைத்தாள்.

குட்டி எழுந்து நிற்கப் பார்த்தது. முன்கால் ஊன்றினால் பின்கால் விரிந்தது, பின்கால் ஊன்றினால் மூக்கு மணலில் குத்தியது. ஒவ்வொரு முறை விழும்போதும் கம்பளத்தில் இருந்த எல்லோரும், எந்த மொழிக்காரர்களாக இருந்தாலும், ஒரே மாதிரி “அடடா” என்றோம். கடைசியில் நின்றது. நாலு காலும் நாலு திசையில் ஆட, நின்றது. தாயின் மடியைத் தேடிப் போகாமல் நேராக அம்மாவிடம் வந்தது. அம்மா அலறிக்கொண்டு அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். பயம் அப்படியேதான் இருந்தது. மர்யம் குட்டியைத் திருப்பி ஸம்ஹாவிடம் கொண்டுபோய் விட்டாள்.

கிளம்பும்போது டாக்டர் இஹ்ஸான் என்னிடம், “நாளை பக்கத்துப் பண்ணையில் இன்னொன்று காத்திருக்கிறது. வருகிறாயா?” என்றார். சித்தப்பா குறுக்கே, “இவளைத்தான் அனுப்ப வேண்டும்” என்றார்.

காரில் வந்த போன்

ஹாஸ்டலுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என் கை தோளிலிருந்து விரல்வரை வலித்தது. கார் முழுக்க ஒட்டக வாசனை. அது என்னிடமிருந்து மட்டும் வரவில்லை.

அம்மாவின் போன் அடித்தது. கோபால் மாமா. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“என்ன விசாலம், பிள்ளை என்ன சொல்றா?”

“அண்ணே, நாங்க இப்பத்தான் ஒரு பிரசவம் பாத்துட்டு வர்றோம்.”

“யாருக்கு?”

“ஒட்டகத்துக்கு. பொண்ணு. தாயும் சேயும் நல்லா இருக்காங்க.”

“ஒட்டகத்துக்கா?” என்றார் மாமா. அம்மாவுக்கு அது போதுமானதாக இருந்தது. கால் மடங்கியிருந்ததை, விரலைச் சப்பியதை, கயிறு கட்டி இழுத்ததை, எல்லாவற்றையும் சொன்னாள். துவட்டியதைத் துண்டு துண்டாகச் சொன்னாள். அவள் சொன்னதைக் கேட்டால் அப்பாவும் நானும் அங்கே வேடிக்கை பார்க்கப் போனவர்கள் என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்பா சாலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினார்.

“அதெல்லாம் சரிம்மா” என்றார் மாமா கடைசியில். “அந்த சீட்டுக்கு என்ன சொல்ல?”

அம்மா திரும்பிப் பின்சீட்டில் இருந்த என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் இடம் வலமாக ஆட்டினேன். காலையில் வராத பதில் அது. அவள் கொஞ்சம் பார்த்துவிட்டு, போனின் பக்கம் திரும்பினாள்.

“வேற யாருக்காவது குடுத்துரச் சொல்லுங்கண்ணே. இவளுக்கு எங்க நேரம் இருக்கு? நாளைக்கே இன்னொரு ஒட்டகம் காத்துக்கிட்டிருக்கு.”